எங்கள் தெரு பாஸான பரீட்சை

நைனா,

பேசினால் மூச்சு வாங்குகிறது, எழுதினால் வாங்குவதில்லை. அதனால்தான் அடுத்த அறையில் நீ பெட்டி கட்டிக்கொண்டிருக்கும்போதே உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "பக்கத்து ரூம்ல கீறவனுக்குக் கடுதாசியா? இன்னா கூத்து இது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சொல்லட்டும். வாயால் சொல்ல ஆரம்பித்தால் நாலு சொல்லுக்கு ஒரு தரம் நிற்க வேண்டியிருக்கிறது. நிற்கும்போதெல்லாம் நீ என் நெஞ்சையே பார்ப்பாய், நான் சொல்ல வந்ததைக் கேட்க மாட்டாய். டாக்டர் பிள்ளையைப் பெற்றவனுக்கு இப்படி ஒரு தொல்லை. நீ என்னை நைனா என்றும் நான் உன்னை நைனா என்றும் கூப்பிட்டுக்கொள்வதைப் பார்த்து உன் கல்லூரி நண்பர்கள் சிரித்தார்கள் என்று ஒருநாள் சொன்னாயே, அந்தப் பெயரிலேயே எழுதுகிறேன். வேறு எப்படி உன்னைக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியாது.

வெள்ளிக்கிழமை நீ ரயில் ஏறுகிறாய். வேறு மாநிலம், மலை ஓரத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி. அங்கேயும் வருஷா வருஷம் புதுப்பிக்கிற ஒப்பந்த வேலைதான். இங்கே இத்தனை வருஷம் உழைத்து, பணி நிரந்தரம் கைக்கு எட்டுகிற நேரத்தில் அதைத் தொலைத்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறாய். அதைத் தொலைத்தது நீ இல்லை, நாங்கள். இந்தத் தெருவே சேர்ந்து உன்னைத் தூக்கிவிடுகிறோம் என்று நினைத்துக் குழியில் இறக்கினோம். ஏன் அப்படிச் செய்தோம் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் நான் சொல்லியாக வேண்டும்.

பர்மனெண்ட் என்ற சொல் இந்தத் திருவொற்றியூரில் எவ்வளவு பெரிய சொல் என்று புத்தகம் படித்து வளர்ந்த உனக்கு முழுசாகத் தெரியாது. நான் துறைமுகத்தில் கரிக்கப்பலுக்குக் கூலியாளாக நின்ற காலத்தில், காலையில் வாசலில் கூட்டமாக நிற்போம். மேஸ்திரி விரலைக் காட்டினால் அன்றைக்கு வேலை, காட்டாவிட்டால் நடந்தே வீட்டுக்கு வர வேண்டியதுதான். பர்மனெண்ட் ஆனவன் அந்தக் கூட்டத்தைப் பார்க்காமலே உள்ளே போவான். அவனுக்குப் பெண் கொடுத்தார்கள், வீடு வாடகைக்குக் கொடுத்தார்கள், சாவு வீட்டில்கூட அவனுக்கு முதலில் நாற்காலி போட்டார்கள். ஆனால் பர்மனெண்ட் ஆக்குவதற்கு முன்னால் மெடிக்கல் டெஸ்ட் என்று ஒன்று வைப்பார்கள். கண், எடை எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் ஒரு குழாயைக் கையில் கொடுத்து ஊதச் சொல்வார்கள். வருஷக்கணக்காகக் கரித்தூளைத் தின்ற நெஞ்சு எப்படி ஊதும்? அதனால் அவனவன் ஒரு வழி வைத்திருந்தான். பீடியை விட்டான், கஷாயம் குடித்தான், கடலோரத்தில் போய் மூச்சடக்கிப் பழகினான். ரொம்ப முடியாதவன் தன் சட்டையைத் தம்பிக்குப் போட்டு அனுப்பினான். அதை யாரும் திருட்டு என்று நினைக்கவில்லை. வேலைதான் நெஞ்சைக் கெடுத்தது, அந்த நெஞ்சு கெட்டுவிட்டது என்று வேலை தரமாட்டேன் என்றால் மனுஷன் என்ன செய்வான்? ஊதுகிற டெஸ்ட் என்றால் எப்பாடு பட்டாவது பாஸாக வேண்டும், பாஸானால் பர்மனெண்ட். இந்தக் கணக்கு எங்கள் ரத்தத்தில் ஊறியது. இதை நினைவில் வைத்துக்கொள், மிச்சத்தைச் சொல்கிறேன்.

நெஞ்சு நோய்க்கான மேல்படிப்பை முடித்து, நீ அந்தக் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆனபோது, தெருவில் எல்லோரும் பேராசிரியர் என்றார்கள். உதவி என்ற சொல்லை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒப்பந்தம் என்ற சொல்லை நீயும் வெளியே எடுக்கவில்லை. மாதவரத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்களே, அவர்கள்தான் அதை எடுத்தார்கள். பெண்ணின் மாமா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "பர்மனெண்டா தம்பி?" என்றார். நீ "இன்னும் இல்லை" என்றாய். அப்புறம் அவர்களிடமிருந்து போனே வரவில்லை. அன்றைக்குத்தான் உன்னிடம் கேட்டேன், நிரந்தரம் ஆக என்னவெல்லாம் பார்ப்பார்கள் என்று. எத்தனை வருஷ சர்வீஸ், தினமும் விரல் ரேகை வைத்த வருகை, பெரிய பத்திரிகையில் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை, அந்தக் கட்டுரையில் உன் பெயர் முதலில் இருக்கிறதா, இதையெல்லாம் பார்ப்பார்கள் என்றாய். "பசங்களுக்கு நீ பாடம் நடத்துறியே, அது?" என்றேன். "எத்தனை மணி நேரம்னு எழுதணும் நைனா." "எப்டி நடத்துறேன்னு?" நீ சிரித்தாய். "அதுக்கு ஃபாரத்துல கட்டமே கிடையாது நைனா" என்றாய்.

அந்தக் கட்டம் இல்லாத காரியத்தை நான் என் கண்ணால் பார்த்தேன். போன மழைக்காலத்தில் மூச்சு முட்டி உன் வார்டிலேயே படுத்திருந்தேனே, காலையில் நீ மாணவர்களோடு வந்தாய். நான் உன் அப்பா என்று அவர்களுக்குத் தெரியாது, நீயும் சொல்லவில்லை. என்னை முன்னே பின்னே பார்த்திராதவன் போல நின்று, "ஐயா, நீங்க என்ன வேலை செஞ்சீங்க?" என்று கேட்டாயே, முதலில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்புறம் புரிந்து, "கரி" என்றேன். நீ அவர்களிடம் திரும்பி, "மருந்து எழுதறதுக்கு முன்னாடி வேலையைக் கேளுங்க. இந்த ஊர்ல பாதி நோயை வேலைதான் குடுக்குது" என்றாய். ஒவ்வொருவரும் என் முதுகில் குழலை வைத்துக் கேட்டார்கள். ஒரு பெண் அவசரமாக எடுக்கப் போனபோது, "இரும்மா, அவர் இன்னும் மூச்சை விட்டு முடிக்கலை. முடியற வரைக்கும் கேளு" என்றாய். அந்தப் பெண் நின்று கேட்டாள். கேட்டுவிட்டு என் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாள். இதற்கு மேல் ஒரு வாத்தியாரிடம் என்ன இருக்க வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. உன் தேர்வுக் குழுவில் இருக்கிற பெரியவர்கள் ஒருநாள் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றிருந்தால் போதும். வரமாட்டார்கள். அவர்களுக்குக் கட்டம்தான் வரும்.

கட்டத்தை நிரப்பத்தான் நீ அந்த மூச்சு ஆராய்ச்சியைத் தொடங்கினாய். அதிலும் உன் புத்தி உன்னைவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்துகொண்டு ஏதாவது எழுதியிருக்கலாம். நீ மூச்சை அளக்கிற மிஷினைத் தூக்கிக்கொண்டு நம் தெருவுக்கே வந்தாய். கரியிலும் அனல்மின் நிலையச் சாம்பலிலும் புகையிலும் இருக்கிறவர்களை ஒருமுறை ஊத வைப்பது, ஒரு வருஷம் கழித்து அதே ஆட்களை மறுபடி ஊத வைத்து எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பது, இதுதான் திட்டம். மீனவர் சங்கக் கட்டடத்தில் மேஜை போட்டாய். முதல் தடவை எல்லோரும் வேடிக்கைக்கு வந்து ஊதினார்கள். மூக்கில் கிளிப் மாட்டியதற்கே அரை நாள் சிரித்தார்கள். அப்போதுதான் எதிர்வீட்டு மல்லிகா, காசிமேட்டில் மீன் ஏலம் கூவுகிற அதே குரலில், "இத்தால உனுக்கு இன்னா பிரயோசனம் டாக்டரே?" என்று கேட்டாள். நீ விளையாட்டாகச் சொன்னாய், "இது நல்லபடியா முடிஞ்சா நான் பர்மனெண்ட் ஆயிடுவேன்கா."

அந்த வாக்கியத்தை நீ சொல்லாமல் இருந்திருக்கலாம். ஊதுகிற டெஸ்ட், பர்மனெண்ட், இந்த இரண்டும் ஒன்றாகக் காதில் விழுந்தால் இந்தத் தெருவுக்கு ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு.

இரண்டாவது தடவை மிஷின் வந்தபோது நீ வரவில்லை. கல்லூரியைப் பார்க்க இன்ஸ்பெக்ஷன் வருகிறது என்று இரண்டு வாரமாக அங்கேயே உன்னை நிறுத்திக்கொண்டார்கள். டெக்னீஷியன் பெண்ணை மட்டும் அனுப்பினாய். அதற்கு முந்தைய வாரம் முழுக்க மல்லிகா வீடு வீடாகப் போனாள். "நம்ம வூட்டுப் புள்ள பர்மனெண்ட் ஆவணும்னா நாம அல்லாரும் பாஸாவணும். எவனாச்சும் லொக்கு லொக்குனு இருமிக்கினு போய் நின்னீங்க, மவனே, அப்பால இந்தத் தெருவுல மீனே குடுக்க மாட்டேன்" என்றாள். பெட்டிக்கடையில் பலூன் தீர்ந்துபோனது. பெரிய பெரிய ஆட்கள் வாசலில் உட்கார்ந்து சிவப்பும் மஞ்சளுமாகப் பலூன் ஊதிப் பழகியதைப் பார்த்து உன் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். மல்லிகாவின் புருஷன் செல்வம் கட்டிலை விட்டு இறங்க முடியாதவன், அவன் பெயரில் அவன் தம்பி போனான். இருமல் அதிகமாக இருந்தவர்களை அன்றைக்கு வீட்டை விட்டே வெளியே விடவில்லை, அவர்கள் இடத்தில் மருமகனும் மச்சானும் போனார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? டெஸ்டுக்கு முன்னால் இன்ஹேலர் இழுக்கக் கூடாது என்று நீ போன் செய்து சொல்லியிருந்தாய். நான் நன்றாக இழுத்துவிட்டுத்தான் போனேன். அந்தப் பெண் "இன்னும், இன்னும், இன்னும்" என்று கத்த, கண் இருட்டுகிற வரைக்கும் ஊதினேன். "சூப்பர் ஐயா" என்று கைதட்டினாள். வீட்டுக்கு வந்து சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது, நைனா. என் பிள்ளைக்காக என் நெஞ்சு கடைசியாக ஒரு வேலை செய்தது என்று நினைத்தேன்.

முடிவு வந்தபோது நீ குழம்பினாய். இறங்கியிருக்க வேண்டிய மூச்சு ஏறியிருந்தது. மிஷினில் கோளாறா என்று பார்க்கச் சொன்னாய், கோளாறு இல்லை என்றார்கள். அந்த ஒரு வருஷத்தில் நீ எல்லோருக்கும் முகக்கவசம் கொடுத்து, பீடியை விடச் சொல்லி வந்திருந்தாய். அதனால்தானோ என்று நம்ப ஆசைப்பட்டாய். யாருக்குத்தான் ஆசை இருக்காது? உன் துறைத் தலைவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். பத்திரிகையும் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. தேர்வுக் குழு கூடுவதற்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உன் அம்மா சாப்பாடு போட்டாள், மல்லிகா நண்டு கொண்டுவந்தாள். நண்டை உடைத்துக்கொண்டே, "இன்னா டாக்டரே, நம்ம தெரு பாஸா?" என்றாள். "பாஸா? எதுலக்கா?" என்றாய் நீ. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். பலூன், தம்பி, மச்சான், எல்லாம். பெருமையாகத்தான் சொன்னாள். விட்டுப்போன இன்ஹேலர் கதையை நான் எடுத்துக் கொடுத்தேன். நானும் சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். உன் கை சோற்றிலேயே நின்றுவிட்டது. அந்தக் கையைப் பார்த்த பிறகுதான் ஏதோ தப்பு நடந்திருக்கிறது என்று எனக்கு உறைத்தது. என்ன தப்பு என்று அப்போதும் விளங்கவில்லை.

மறுநாள் நீ வீடு வீடாகப் போய், "நீங்கதான் ஊதினீங்களா?" என்று கேட்டாய். உனக்கு நல்லது செய்துவிட்ட தைரியத்தில் எல்லோரும் உண்மையைச் சொன்னார்கள். நீ கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டாய். துறைத் தலைவர் உன்னைக் கூப்பிட்டு, "நம்பர்ஸ் நல்லா இருக்கு, பேப்பர் அக்செப்ட் ஆயாச்சு. யாரு வந்து தெருவுல விசாரிக்கப் போறா?" என்றாராம். உன் அம்மாவிடம் நீ சொன்னதை நான் படுத்தபடி கேட்டேன். நீ அவர் பேச்சைக் கேட்கவில்லை. குழு கூடியது, உன் கட்டம் காலியாக இருந்தது. துறைத் தலைவர் எழுதிய கட்டுரையில் முதல் பெயராக ஏறிக்கொண்ட இன்னொருவர் நிரந்தரம் ஆனார். உன் ஒப்பந்தத்தை நீட்டவில்லை.

அன்றைக்கு நான் உன்னைத் திட்டினேன். மூச்சு இருந்த வரைக்கும் திட்டினேன். வாயை மூடிக்கொண்டு அனுப்பியிருந்தால் யாருக்கு என்னடா நஷ்டம் என்று கத்தினேன். நீ கோபப்படவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தப் பேப்பர் வெளிய வந்தா, நாளைக்கு இந்தத் தெருவுல யாரு போய் மூச்சு முட்டுதுன்னு நின்னாலும், இங்க எல்லாருக்கும் நெஞ்சு நல்லாதான் கீதுன்னு அதையே எடுத்துக் காட்டுவாங்க நைனா. கீழ என் பேரு இருக்கும்" என்றாய். படிப்பெல்லாம் உதிர்ந்து நம் வீட்டுப் பேச்சே உன் வாயில் வந்தது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். நீ சொன்னது சரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சரியாக இருப்பதால் வயிறு எரிவது நிற்கவில்லை. இன்றைக்கும் நிற்கவில்லை.

ஏனென்றால், கட்டுரை வெளியே வராததால் மட்டும் என்ன ஆகிவிட்டது? நாங்கள் நன்றாக இருக்கிறோம் என்று எங்கேயும் எழுதவில்லை, சரி. நாங்கள் கெட்டுப்போய்க் கிடக்கிறோம் என்றும் எங்கேயும் எழுதவில்லையே. எழுதக்கூடிய ஒரே ஆள் பெட்டி கட்டிக்கொண்டிருக்கிறான். நேற்றும் மொட்டைமாடியில் துணியை உதறித்தான் எடுத்தாள் உன் அம்மா, நேற்றும் தரையில் சாம்பல் கோடு விழுந்தது. உன் இடத்துக்கு வருகிறவர் நல்லவராகவே இருக்கட்டும். எதைச் செய்தால் நிரந்தரமோ அதைத்தான் அவரும் செய்வார். திருவொற்றியூர் வரைக்கும் வந்து எங்கள் மூச்சு முடிகிற வரைக்கும் நின்று கேட்பதற்கு அவருக்கு என்ன தலையெழுத்து? யாரோ ஒரு கெட்டவன் உன்னைக் கெடுத்திருந்தால் அவனைத் திட்டியாவது ஆறுதல் பட்டுக்கொள்வேன். இதில் கெட்டவனே இல்லை. நீ நேர்மையாக இருந்தாய், நாங்கள் பாசமாக இருந்தோம். இரண்டும் சேர்ந்து உன் பிழைப்பு போனது. இதற்கு மேல் யாரிடம் போய் என்னவென்று முறையிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.

ஊருக்குப் போகிற பிள்ளைக்கு நாலு நல்ல புத்தி சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? ஒன்று மட்டும் சொல்கிறேன். போகிற இடத்தில் நோயாளிகளிடம் உனக்கு என்ன வேண்டும் என்று சொல்லிவிடாதே. இல்லாத ஜனங்கள் நீ கேட்டதைக் கொடுத்துவிடுவார்கள், தங்களிடம் இல்லாத மூச்சைக்கூட. அப்புறம், முதுகில் குழல் வைத்துக் கேட்கச் சொல்வதை நிறுத்தாதே. அதற்கு அங்கேயும் கட்டம் இருக்காது. அதனால் உனக்கு நல்லது நடக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன், நடக்காது. ஆனாலும் நிறுத்தாதே. நேரத்துக்குச் சாப்பிடு. குளிர் ஊர், ஸ்வெட்டரை அம்மா பெட்டியில் அடியில் வைத்திருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நேற்றுச் சாயங்காலம் நீ டிக்கெட் விஷயமாக சென்ட்ரலுக்குப் போயிருந்தபோது மல்லிகா வந்தாள். அவள் பின்னால் தெருவில் பாதிப் பேர் நின்றார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் நம் வாசலை மிதிக்காதவள். உள்ளே வராமல் படியிலேயே நின்றுகொண்டு, "அண்ணே, புள்ளையாண்ட சொல்லு. அந்த மிஷினை இன்னொரு தபா எடுத்தாரச் சொல்லு. இந்த தபா நாங்க அல்லாரும் ஃபெயிலாவுறோம். செல்வத்தையே கட்டிலோட தூக்கியாந்து உக்கார வெக்கிறேன். நல்லா ஃபெயிலாவுறோம், பாரேன். அப்பவாச்சும் பர்மனெண்ட் ஆக்குவாங்கல்ல?" என்றாள். ஏலத்தில் எட்டுத் திக்கும் கேட்கிற குரல், எனக்கே சரியாகக் கேட்கவில்லை. மிஷினைக் கல்லூரியில் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது, குழுவும் கூடி முடிந்துவிட்டது என்று நான் உடனே சொல்லவில்லை. அதற்குள் அவள், "ஃபெயிலாவுறதுக்கு இன்னா பண்ணணும்ணே? எதுனா பழகணுமா?" என்று கேட்டாள்.

"ஒண்ணியும் பழக வேணாம் மல்லிகா. எப்பவும் போல வந்து உக்காந்தா போதும்" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அதைச் சொல்லி முடிப்பதற்குள் நடுவில் நின்று நின்று மூச்சு வாங்க வேண்டியிருந்தது. நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் அத்தனை பேரும் படியில் அசையாமல் நின்று கேட்டார்கள்.

உன்
நைனா